கதிரேசன் கொடுத்த மொஹ்சின் ரத்தம்

அனகாபுத்தூரில் மொஹ்சினைத் தெரியாதவர்கள் இருக்கலாம். மொஹ்சினுக்கும் ஊசிக்கும் உள்ள பகையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஐந்தாம் வகுப்பில், பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்த நர்சம்மாவைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகக் குதித்து நேரே ஆற்றங்கரைக்கு ஓடியவன் அவன். கொரோனா சமயத்தில் எப்படிப் போட்டுக்கொண்டான் என்று கேட்காதீர்கள். ஆபீஸில் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள், ஒருவர் காலைப் பிடித்தார், ஊசி போட்டவர் முடித்ததும் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். இத்தனைக்கும் ஆள் ஆறடி. நாவலூரில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர்களுக்கு வைரஸ் வராமல் காவல் காக்கிற உத்தியோகம்.

இந்தத் தைரியசாலிக்குத்தான் மாமா பெண் அனமைப் பேசி முடித்திருந்தார்கள். பெரியவர்கள் பேசுவதற்கு நாலு வருஷம் முன்பே இவர்கள் இருவரும் போனில் பேசி முடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். பெரியவர்களுக்கு வீண் சிரமம் வைக்கக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான்.

அனம் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய அத்தா ஹனீஃபாவும் மொஹ்சினுடைய அம்மா ஜுலைகாவும் கூடப்பிறந்தவர்கள். ஹனீஃபாவுக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஆட்டுக்கறிக் கடை. வீட்டில் ஆட்சி மட்டும் அவருடையது இல்லை, அது மனைவி பஷீராவுடையது.

அனம் பிறந்ததிலிருந்தே வெளுப்பு. பஷீராவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. கல்யாண வீடுகளில், "இது பவுடர் வெளுப்பு இல்ல, பரம்பரை வெளுப்பு" என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்காமலேயே சொல்லுவாள். அதே பஷீரா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால், "புள்ளைக்கு உடம்புல ரத்தமே இல்லை" என்று ஒப்பாரி வைப்பாள். வெளியே அது அழகு, உள்ளே அது சோகை. பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, கறுப்பு நிறத்தில் ஒரு டானிக். எல்லாவற்றுக்கும் மேலே சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலுக்குக் கறிக்கடையில் அதுதான் பெயர், தின்றால் ரத்தம் ஊறும் என்பது ஊர் நம்பிக்கை. வாடிக்கைக்காரர்கள் கடை வாசலில் சண்டையே போட்டாலும் சரி, அன்றைக்கு வெட்டுகிற முதல் ஆட்டின் சுவரொட்டி அனமுக்குத்தான். தாம்பரத்தில் அவளளவுக்குச் சுவரொட்டி தின்ற ஜீவன் இன்னொன்று இருக்காது. ரத்தம்தான் ஊறவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம் போட்டார்கள். அனம் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். விரலில் குத்திப் பார்த்த பையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மேடம், உங்களுக்கே ஹீமோகுளோபின் பத்துதான் இருக்கு. நீங்க குடுக்க வேணாம், ஜூஸ் மட்டும் குடிச்சிட்டுப் போங்க" என்றான். பின்னால் நின்ற பத்தாம் வகுப்புப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அனமுக்கு மானம் போயிற்று. அன்று சாயங்காலமே அம்மாவை இழுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் ரத்தினபாயிடம் போனாள்.

டாக்டர் ரத்தினபாய் நல்ல கைராசிக்காரர், கெட்ட வாய்க்காரர். இரண்டு தடவை ரத்தம் எடுத்து, ஏதேதோ டெஸ்டுக்கு அனுப்பி, கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, உடம்புக்குள்ள இரும்புக்கடை வெச்சிருக்கியா? இரும்புச்சத்து நிரம்பி வழியுது. எவன் சொன்னான் உனக்கு டானிக் குடிக்கணும்னு?"

பஷீரா முந்தானையைச் சரிசெய்தபடி, தான் இந்த ஊரே இல்லை என்பதுபோல் ஃபேனைப் பார்த்தாள்.

"இது சத்துக் குறைச்சல் இல்ல. தலசீமியா மைனர்னு பேரு. பரம்பரையா வர்றது. உன் ரத்த அணு எல்லாம் சைஸ்ல சின்னது. மாவு அதே மாவுதான், ஊர்ல எல்லாரும் தோசை சுடறாங்க, உன் உடம்பு குழிப்பணியாரம் சுடுது. உனக்கு ஒண்ணும் ஆகாது, நூறு வயசு இருப்ப. ஆனா கட்டிக்கப் போறவனுக்கும் இது இருக்கான்னு பாக்காம கல்யாணம் பண்ணாத."

"அப்ப அந்தச் சுவரொட்டி?" என்றாள் பஷீரா, மெல்லிய குரலில்.

"ருசிக்குச் சாப்பிடுங்க. ரத்தத்துக்குன்னு சொல்லி அந்தப் பொண்ணைப் படுத்தாதீங்க."

இரண்டு நாள் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் அனம் மொஹ்சினைச் சந்தித்தாள். பக்கத்து மேஜையில் பஷீரா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் அந்தப் பக்கம், காது இரண்டும் இந்தப் பக்கம்.

"மச்சான், ஒருத்தர்கிட்ட மட்டும் இது இருந்தா பயமே இல்ல. ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் சிக்கல். பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு சான்ஸ், பெரிய வியாதியா வர்றதுக்கு. அந்தக் குழந்தைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்தணும், காலம் பூரா. நாம வேற சொந்தம். என் அத்தாவும் உங்க அம்மாவும் ஒரே வயித்துல பொறந்தவங்க."

"ரெண்டு பேருக்கும் இருந்தா?"

"உக்காந்து பேசணும். பொறக்கறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணிப் பாக்க வழி இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க." அனம் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா எங்கம்மா நம்மளை உக்காரவும் விடமாட்டாங்க, பேசவும் விடமாட்டாங்க. அன்னிக்கே சம்பந்தத்தை முறிச்சிடுவாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு. நீங்க டெஸ்ட் எடுங்க. எடுக்காம தேதி குறிக்க நான் விடமாட்டேன்."

"அவ்ளோதானே? நாளைக்கே எடுத்துட்டாப் போச்சு" என்றான் மொஹ்சின். என்னவோ கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவதுபோல் சொன்னான். மேஜைக்கு அடியில் அவனுடைய வலது கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து கிளம்பியவன் நேரே போய் நின்றது குரோம்பேட்டையில், கதிரேசனின் ஜிம்மில். கதிரேசன் அவனோடு ஒன்றாகப் படித்தவன், அடுத்த தெருக்காரன், இப்போது ஜிம் மாஸ்டர். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத உடம்பு. சொந்த அத்தை மகள் தீபலட்சுமியைக் கட்டியிருந்தான், அவள் இப்போது முழுகாமல் இருந்தாள்.

"இன்னாடா இது, ஒரு ஊசிக்கா இவ்ளோ பேஜாரு?" என்று கதிரேசன் சிரித்தான். "நீ இன்னா பண்ற, வாசல்ல நில்லு. நான் உள்ள பூந்து மொஹ்சின்னு பேரு சொல்லி கைய நீட்டிர்றேன். நம்ம ரத்தம்லாம் சும்மா சிங்கம் மாதிரி கீது. ரிப்போர்ட்டப் பாத்துட்டு உன் மாமியாரு ஃபிரேம் போட்டு மாட்டும்."

"தப்பில்லையாடா?"

"உனக்கு எதுனா வியாதி கீதா?"

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

"அப்புறம் இன்னா? யார் குடுத்தா இன்னா?"

இப்படித்தான் அந்த மகா யோசனை உருவாயிற்று. வெளியே நன்றாக இருக்கிறவனிடம்தான் இது ஒளிந்திருக்கும், அதற்காகத்தான் அந்த டெஸ்டே என்று அனம் அரைமணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தாள். பயம் வந்துவிட்டால் மனுஷனுக்குக் காது கேட்காது போலிருக்கிறது.

மறுநாள் காலை பம்மல் மெயின் ரோட்டில் ஒரு லேப். கதிரேசனின் நெற்றியில் இருந்த விபூதியை மொஹ்சின் தன் கைக்குட்டையால் அழுந்தத் துடைத்து உள்ளே அனுப்பினான். ஸ்பிரிட் வாடை வாசல்வரை வந்தது. அதற்கே மொஹ்சினுக்குக் கண்ணை இருட்ட, பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே கதிரேசன் கையை நீட்டினான். முன்கையில் கொட்டை எழுத்தில் 'தீபா' என்று பச்சை குத்தியிருந்தது. லேப்காரர் அதைப் படித்தார், பிறகு சீட்டில் இருந்த பெயரைப் படித்தார்.

"மொஹ்சின் சார், யாரு சார் தீபா?"

"அது... பழைய மேட்டர் சார்" என்றான் கதிரேசன். வீட்டில் இருந்த தீபலட்சுமிக்கு அந்த நேரம் தும்மல் வந்திருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் தன் கையில் இருந்த பஞ்சையும் பிளாஸ்திரியையும் உரித்து, மொஹ்சினின் கையில் பக்குவமாக ஒட்டிவிட்டான். அந்தப் பிளாஸ்திரிக்கு அன்று கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டுமே! ஜுலைகா மகனுக்கு இரட்டை ஆம்லெட் போட்டாள், மாதுளம்பழம் உரித்தாள், "எவ்ளோ ரத்தம் எடுத்தாங்களோ" என்று தலையைத் தடவினாள். மொஹ்சின் கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். 'வலிச்சுதா மச்சான்?' என்று அனமிடமிருந்து மெசேஜ் வந்தது. 'எறும்பு கடிச்ச மாதிரி' என்று பதில் போட்டான். போட்டபோது மட்டும் உள்ளுக்குள் என்னவோ நெருடியது. இன்னொரு வாய் ஆம்லெட்டில் அது அடங்கிவிட்டது.

ரிப்போர்ட் போனுக்கு வந்தபோது அவன் நாவலூர் ஆபீஸில் இருந்தான். சிங்கத்தின் ரத்தம்தானே, திறந்து வேறு பார்க்க வேண்டுமா? அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குத் தள்ளிவிட்டான். கூடவே தசையை முறுக்கிக் காட்டுகிற ஒரு கை பொம்மை.

குரூப் கப்சிப். எப்போதும் எதற்கும் பூங்கொத்து அனுப்புகிற ஜுலைகாகூட ஒன்றும் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அனம் தனியாக ஒரு வரி அனுப்பினாள்.

'திறந்து பாத்தீங்களா மச்சான்?'

திறந்தான். எண்களும் கோடுகளுமாக ஓடி, கடைசியில் தடித்த எழுத்தில் முடிந்தது. பீட்டா தலசீமியா கேரியர். அனமுக்கு என்ன எழுதியிருந்தார்களோ, எழுத்துப் பிசகாமல் அதேதான்.

அதற்குள் ஹனீஃபா வீட்டில் போர் மூண்டுவிட்டது. அதுவும் தனியாக இல்லை, குரூப்பிலேயே, குரல் பதிவாக. "பாத்தீங்களா? உங்க தங்கச்சி மகனுக்கும் இருக்கு! அப்ப இது உங்க பக்கத்துச் சீதனம். இத்தனை வருஷம் எங்க பக்கத்தைச் சொன்னீங்களே!" என்றாள் பஷீரா. "உங்க வாப்பா சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருந்தாரு, அது யாரு பக்கம்?" என்றார் ஹனீஃபா. கடைசிப் பதிவு பஷீராவுடையது. அதில் சண்டை இல்லை, அழுகைதான் இருந்தது. "ரெண்டு பேருக்கும் இருக்கு. என் பொண்ணு பெத்த புள்ளை காலம் பூரா ஆஸ்பத்திரியில கெடக்கறத நான் பாக்க மாட்டேன். இந்தச் சம்பந்தம் வேணாம்."

மொஹ்சினுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அட, அது என் ரத்தமே இல்லையே! உண்மையைச் சொன்னால் திட்டுவார்கள், இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், தீர்ந்தது. சிரித்தபடியே கீழே இறங்கி டீக்கடையில் ஒரு டீ சொன்னான். டீ வந்தது. கிளாஸை வாயருகே கொண்டுபோனபோதுதான், போன வாரம் கதிரேசன் போகிறபோக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. 'தீபாவுக்கு ரத்தம் கம்மியா கீதாம் மச்சி. நர்ஸு மாத்திரை குடுத்துகீது.'

கதிரேசனுக்கு இருக்கிறது. தீபாவுக்கு ரத்தம் கம்மி. அவள் அவனுக்குச் சொந்த அத்தை மகள். வயிற்றில் குழந்தை.

டீயை வைத்துவிட்டு, கதிரேசனின் ஜிம்முக்கு பைக்கை விட்டான்.

கதிரேசன் முதலில் நம்பவே இல்லை. "எனக்கா? இந்த ஒடம்புக்கா? போடா டேய்" என்றான். பிறகு சந்தேகம் வந்தது. "இது ஒட்டுவாரொட்டியா? உன் வூட்டு பிரியாணி துண்ணு துண்ணு எனுக்கு வந்துகிச்சா?" அதற்கப்புறம் வழக்கம்போல் ஒரு யோசனை. "லேப்காரன் ரிப்போர்ட்ட மாத்திட்டான்னு அடிச்சு வுட்ரு. நீ கண்ண மூடிகினு திருப்பி ஒருவாட்டி குடு. மேட்டர் ஓவர்."

"என் மேட்டர் ஓவர். உன் மேட்டர்?"

"எனுக்கு இன்னா மேட்டரு?"

"தீபாவுக்கு ரத்தம் கம்மின்னியே."

கதிரேசன் கையில் இருந்த டம்பெல்லைக் கீழே வைத்தான். வைத்தவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்து மொஹ்சின் பார்த்ததில்லை.

"அத்தை பொண்ணுடா அவ" என்றான். "பாட்டன் பூட்டன்லாம் ஒண்ணுதான்டா."

கண்ணாடியில் முகம் பார்த்து முறுக்கிக்கொண்டிருந்த பையன்கள் மாஸ்டர் அழுவதைப் பார்த்து, எடைகளை ஓசைப்படாமல் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

"நாளைக்கு சாயங்காலம் மாமா வீட்டு ஆளுங்க மொத்தமும் ரத்தினபாய் டாக்டரைப் பாக்கப் போறாங்க, என்னையும் வரச் சொல்லியிருக்காங்க" என்றான் மொஹ்சின். "நீ தீபாவைக் கூட்டிட்டு வந்துடு. அங்கேயே எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"உன் கல்யாணம்?"

அனமை மொஹ்சினுக்கு நன்றாகத் தெரியும். மார்க்கில் அரை மார்க் தப்பாகப் போட்டிருந்தாலும் பேப்பரைத் திரும்ப வாங்கித் திருத்துகிறவள். ஊசிக்குப் பயந்தவனை மன்னிப்பாள், விடையை மாற்றி எழுதியவனை மன்னிப்பாளா?

மறுநாள் டாக்டர் அறையில் நிற்க இடமில்லை. ஹனீஃபா ஒரு பக்கம், பஷீரா எதிர்ப்பக்கம், நடுவில் யார் பக்கம் என்று தெரியாமல் ஜுலைகா. மொஹ்சின் உள்ளே நுழைந்தான். அவனுக்குப் பின்னால் கதிரேசன், அவனுக்குப் பின்னால் தீபலட்சுமி. மொஹ்சின் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்துவைத்திருந்த பேச்சை ஆரம்பிக்க வாயைத் திறந்தான்.

"சட்டைக் கையை மடக்குங்க" என்றாள் அனம்.

"என்ன?"

"மடக்குங்க. டெஸ்டை மறுபடியும் பண்ண முடியுமான்னு கேக்க இன்னிக்கு லேபுக்கு போன் பண்ணேன். கையில தீபான்னு பச்சை குத்தியிருந்தாரே, அவரான்னு கேக்கறாரு." அனமின் குரல் நடுங்கியது. "யாரு தீபா?"

பஷீரா நெஞ்சில் கை வைத்தாள். ஜுலைகா, "யா அல்லா" என்றாள்.

"நான்தாங்க" என்றாள் தீபலட்சுமி, கதிரேசனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கிற மாதிரி. அவளுக்கு இதுவரை ஒரு விவரமும் தெரியாது. டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே சினிமாவுக்குப் போகலாம் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தான் அந்த மகாராஜன்.

பஷீராவின் கண் தீபலட்சுமியின் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

"மாமி, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல!" என்று மொஹ்சின் அலறினான். மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துபோயிற்று. தலையும் வாலுமாக எல்லாவற்றையும் கொட்டினான். விபூதி துடைத்தது, பிளாஸ்திரி மாற்றியது, ஆம்லெட் தின்றது வரைக்கும். பக்கத்தில் கதிரேசன் சட்டைக் கையை மடக்கி, சாட்சிக்குத் தன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஹனீஃபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஷீரா பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றினார்.

அனம் சிரிக்கவில்லை.

"அந்த ரிப்போர்ட் நல்லபடியா வந்திருந்தா?" என்றாள். "உங்களுக்கு நிஜமாவே இருந்து, இவரு ரத்தம் சுத்தமா இருந்து, ஒண்ணும் இல்லைன்னு எழுதி வந்திருந்தா? அதை நம்பி நான் ஒரு குழந்தையைப் பெத்திருப்பேனே மச்சான். அது மாசாமாசம் கையை நீட்டிட்டு உக்காந்திருக்கும். அதுக்கு யாரை அனுப்பியிருப்பீங்க?"

மொஹ்சினுக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது. நாலு வருஷத்தில் அனம் அவனிடம் எத்தனையோ தடவை கோபித்திருக்கிறாள், இப்படிக் கண் கலங்கி ஒருநாளும் பேசியதில்லை. டாக்டரின் எதிரே போய் உட்கார்ந்து, கையை நீட்டினான்.

"எடுங்க டாக்டர்."

"முதல்ல அந்தப் பொண்ணு" என்றார் ரத்தினபாய். தீபலட்சுமி உட்கார்ந்தாள், கையை நீட்டினாள், ரத்தம் கொடுத்தாள், எழுந்தாள். நடுவில் கதிரேசனை நாலு வார்த்தை திட்டவும் நேரம் இருந்தது. அடுத்தது மொஹ்சின். ரப்பர் பட்டையைக் கட்டியதுமே அவன் முகம், பஷீரா பெருமைப்படுகிற பரம்பரை வெளுப்பைத் தோற்கடித்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஜன்னலை ஒருமுறை பார்த்தான், கம்பி போட்டிருந்தது.

"பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றாள் அனம். இன்னமும் கோபம் ஆறாத குரல்தான்.

"ஒரு பதினேழு பதினேழு. இரு பதினேழு முப்பத்திநாலு. மூணு பதினேழு..." ஊசி இறங்கியது. "...அம்பத்தொண்ணு. நாலு பதினேழு..."

அதற்கு மேல் மொஹ்சினுக்குக் கணக்கு வரவில்லை. கண் செருகிச் சாய்ந்தவனைக் கதிரேசன் ஒரு கையால் தாங்கிப் பிடித்தான். ஆனால் ரத்தம் எடுத்து முடியும்வரை நீட்டிய கையை மட்டும் மொஹ்சின் இழுத்துக்கொள்ளவில்லை. அனம் அதைப் பார்த்தாள்.

ரிப்போர்ட் வரும்வரை அந்த இரண்டு வீடுகளும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கதிரேசன் ஜிம்முக்குப் போகவில்லை. தீபலட்சுமி அவனோடு பேசவில்லை, ஆனால் ராத்திரியில் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கினாள். மொஹ்சின் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. இந்த முறை ரிப்போர்ட் வந்தால் திறந்து பார்ப்பதாகத் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டான்.

டாக்டர் எல்லோரையும் மறுபடி வரவழைத்தார். முதலில் தீபலட்சுமியைப் பார்த்தார்.

"உனக்கு அது இல்ல. சாதாரண இரும்புச்சத்துக் குறைவுதான். புருஷனுக்கு மட்டும்தான் இருக்கு, அதனால குழந்தைக்கு அந்தப் பெரிய வியாதி வராது. அவனை மாதிரி இருக்கலாம், அவ்ளோதான்." கதிரேசன் பெருமூச்சு விட்டதில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. "அது சரி, குடுத்த மாத்திரையை ஒழுங்கா போட்டிருந்தா ரத்தம் இந்நேரம் ஏறியிருக்கணுமே?"

தீபலட்சுமி தரையைப் பார்த்தாள். "போட்டா வயித்தப் பொரட்டுது டாக்டர். அதான்... செம்பருத்தித் தொட்டியில போட்டுட்டேன்."

"நானும் பாத்துகினுதான் இருந்தேன்!" என்றான் கதிரேசன். "செடி இன்னாமா பூத்துகீதுன்னு!"

"செடிக்கு ரத்தம் ஊறினது போதும்" என்று டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். இவ்வளவு நாள் இரும்பு தேவையே இல்லாத ஒருத்தி வாய் நிறையத் தின்றிருக்கிறாள், தேவைப்பட்ட ஒருத்தி செடிக்கு ஊட்டியிருக்கிறாள். ஹனீஃபா தொண்டையைக் கனைத்தார். "டாக்டரம்மா, இந்தப் பொண்ணுக்குச் சுவரொட்டி ஆகுமா?" என்றார். "நல்லா வேகவெச்சா ஆகும். மாத்திரையும் போடணும்" என்றார் டாக்டர். வேலை போயிருந்த சுவரொட்டிக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்ததில் ஹனீஃபாவுக்கு முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளைக்கும் இல்ல" என்றார் டாக்டர் கடைசியில். "இது அவனோட சொந்த ரத்தம்தான், நானே எடுத்தேன். கல்யாணம் பண்ணிக்கலாம்."

பஷீரா அழுதாள், ஜுலைகாவைக் கட்டிக்கொண்டாள், அங்கேயே காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். அனம் மட்டும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ரத்தத்துக்குப் பாஸ் மார்க். ஆளுக்கு இன்னும் போடல" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

யோசித்தாள். மொஹ்சின் அனுப்பிய மன்னிப்பு மெசேஜ்களையெல்லாம் படித்தாள், ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அவன் இளைத்துவிட்டான் என்று ஜுலைகா வந்து சொன்னாள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒருநாள் அவனுக்கு இரண்டு வரி வந்தது. 'சம்மதம். ஆனா மஹர் என்னன்னு நிக்காஹ் அன்னிக்கு நான்தான் சொல்வேன்.' மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டியது மஹர், அவளுடைய உரிமை அது. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், இன்னும் நாலு பவுன் கூடக் கேட்பாளாக்கும் என்று மொஹ்சின் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ். முன்வரிசையில் பட்டுச் சட்டையில் கதிரேசன், பெண்கள் பக்கம் மேடிட்ட வயிற்றோடு தீபலட்சுமி. பெண்ணிடம் சம்மதம் வாங்கிவரப் போன ஹனீஃபா, சிரிப்பை மென்று விழுங்கியபடி திரும்பிவந்து, நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத்தின் காதில் என்னவோ சொன்னார். ஹஜ்ரத் இரண்டு தடவை, "என்ன? என்ன?" என்று கேட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மஹர் வழக்கம்போல தங்கம், அதுல பேச்சு இல்ல. அதுகூட பொண்ணு ஒரு வாக்குக் கேக்குது. அதுக்கு ரத்தம் குடுக்க ஆசையாம். போய் நின்னா உடம்புக்கு ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். அதனால அதோட பங்கை மாப்பிள்ளை குடுக்கணும். டாக்டருங்க குடுக்கலாம்னு சொல்றப்பல்லாம், ஆயுசு பூரா. இந்தத் தலசீமியாவோட பொறந்து ரத்தத்துக்குக் காத்துட்டிருக்கற புள்ளைங்களுக்கு." ஹஜ்ரத் ஹனீஃபாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சொந்தக் கையில குடுக்கணுமாம். ஆள் அனுப்பக் கூடாதாம்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மொஹ்சினின் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோயிற்று. பழக்க தோஷத்தில் கதிரேசனைத் திரும்பிப் பார்த்தான். கதிரேசன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, கூரையில் தொங்கிய சரவிளக்கை அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் ஹஜ்ரத். "சம்மதமா?"

திரைக்கு அந்தப் பக்கம் பெண்களின் சலசலப்பு அடங்கியது. அந்த அமைதியில் ஒரு குரல், கோபம் முழுக்க ஆறிய குரல், மெதுவாக வந்தது. "ஒரு பதினேழு பதினேழு..."

மொஹ்சின் கண்ணை மூடினான். எட்டிப் பிடித்துவிடுகிற தூரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது, அதில் கம்பியும் இல்லை. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கபூல்" என்றான். தெளிவாக, திரைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி, ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல்.

அதற்குப் பிறகுதான் மயங்கி விழுந்தான்.